குவளையில் பூக்கும் குவளை

தமிழில் ‘குவளை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நீரும் பாலும் அருந்தப் பயன்படும் கலமும் குவளையே. குளத்தில் பூக்கும் கருநீல மலரும் குவளையே. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் 99 மலர்களுள் இம்மலரும் ஒன்று. மகளிர் கண்ணுக்கு இதனை உவமையாகக் கூறுவது புலவர் மரபு. வடமொழியில் இதனை நீலோற்பலம் என்பர். தமிழகத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகளுள் பலர் கலத்தை நாள்தோறும் காண்கின்றனர். மலரைப் பெயரளவில்கூடக் கேட்டிருப்பதில்லை.

நிறம் மாறும் பீங்கான் குவளைகள் இன்று இந்திய நகரங்களின் பரிசுப்பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றில் காடு, மலை, மயில், வண்ணத்துப்பூச்சி எனப் பலவகை இயற்கைக் காட்சிகள் வரையப்பட்டிருக்கும். குவளைமலர் வரைந்த ஒரு குவளையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மேசைமேல் வெறுமனே இருக்கும்போது அது முழுவதும் கருமையாக இருக்கும். அதில் சூடான பாலை ஊற்றினால் அடிப்பகுதியிலிருந்து கருமை மெல்ல வெளுக்கும். முதலில் குளத்து நீரும், பிறகு பச்சை இலைகளும், அவற்றுக்கு மேலாக நீல மலரும் தோன்றும். ஓரத்துக் கிளையில் மீன்கொத்தி ஒன்று அமர்ந்திருப்பது கடைசியாகத் தெரியும். பால் ஆறத் தொடங்கினால் குளமும் மலரும் பறவையும் மீண்டும் இருளில் மூழ்கிவிடும்.

சூடு பட்டதால் புதிதாக நிறம் தோன்றியது என்றே காண்போர் கருதுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. சூடு இங்கு எந்த நிறத்தையும் தரவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு நிறத்தை நீக்கியது. குளமும் மலரும் மீன்கொத்தியும் தொழிற்சாலையிலேயே வெண்பீங்கானின்மேல் பதிக்கப்பட்டவை. அப்படம் மாறுவதே இல்லை. அதன்மேல் பூசப்பட்ட கரிய மைதான் மாறுகிறது. நாடக மேடையில் திரை விலகும்போது அரசனும் அமைச்சனும் அந்நொடியில் பிறப்பதில்லை. முன்பே அங்கு நின்றிருந்தனர். குவளையின் கருமையும் அத்தகைய திரையே.

அப்படியானால் மறைந்த கருமை எங்குச் செல்கிறது? எங்கும் செல்வதில்லை. மை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடிபோல் நிறமற்றதாகிவிடுகிறது. வெப்பத்தால் ஒரு பொருளின் நிறம் இவ்வாறு மாறும் தன்மைக்கு வெப்ப நிறமாற்றம் என்று பெயர்.

இந்த மை எழுதுகோல் மையைப் போன்றதன்று. நுண்ணோக்கியின் வழியே பார்த்தால் அது எண்ணற்ற சிறு உருண்டைகளின் கூட்டமாகத் தெரியும். ஓர் உருண்டையின் விட்டம் சில மைக்ரோமீட்டர் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர் என்பதை நினைத்தால், இவை எவ்வளவு சிறியவை என்பது விளங்கும். ஒவ்வோர் உருண்டைக்கும் மெல்லிய ஓடு உண்டு. ஓட்டுக்குள் ஒரு சாயம், வலிமை குறைந்த ஓர் அமிலம், ஒரு கரைப்பான் ஆகியவை அடைபட்டுள்ளன. நிறப்பொருளை இவ்வாறு நுண்ணுறைக்குள் அடைக்கும் முறை 1950களில் அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் உருவாயிற்று. கடைக்காரர் ஒருமுறை எழுதினாலே அடுத்த தாளிலும் படி விழவேண்டும். இடையில் கையைக் கறைப்படுத்தும் கார்பன் தாள் கூடாது. அதற்காகவே அம்முறை தோன்றியது. எழுதுகோல் அழுத்தும்போது உறைகள் உடைந்து நிறம் வெளிப்படும். குவளையிலோ உறைகள் உடைவதில்லை, உடையவும் கூடாது.

உறைக்குள் இருக்கும் சாயத்தை லூக்கோ சாயம் என்பர். ‘லூக்கோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வெண்மை என்பது பொருள். கிரிஸ்டல் வயலட் லாக்டோன் என்பது இவ்வகையைச் சேர்ந்த புகழ்பெற்ற சாயம். அதன் மூலக்கூறில் ஒரு சிறிய அணு வளையம் உண்டு. வளையம் மூடியிருக்கும்போது அச்சாயத்துக்கு நிறமே இல்லை. அமிலம் அருகில் வந்து வளையத்தைத் திறந்துவிட்டால், அதே மூலக்கூறு கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சத் தொடங்கி, நீலமும் ஊதாவும் கலந்த நிறம் பெறுகிறது. கருமை வேண்டுமெனில் வெவ்வேறு நிறம் தரும் சாயங்களைக் கலந்துகொள்வர்.

ஆக, அமிலம் சாயத்தைப் பற்றியிருந்தால் நிறம்; விட்டுவிட்டால் நிறமில்லை. பற்றுவதா விடுவதா என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது பொருளாகிய கரைப்பான்.

கரைப்பானின் செயலை அறிய ஆய்வகம் தேவையில்லை. தில்லியிலோ சண்டிகரிலோ லக்னோவிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தேங்காயெண்ணெய்க் குப்பியின் குளிர்கால வழக்கம் நன்கு தெரியும். சனவரியில் எண்ணெய் வெண்மெழுகுபோல் உறைந்துவிடும். தலைக்குத் தேய்க்க வேண்டுமானால் குப்பியை வெந்நீரில் வைக்கவேண்டும்; அல்லது கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் உருக்கவேண்டும். ஏப்ரல் வந்தால் அதே எண்ணெய் தெளிந்த நீர்போல் ஓடும். தேங்காயெண்ணெயின் உருகுநிலை ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ் என்பதே இதற்குக் காரணம். சென்னையில் வாழும் பாட்டி வீட்டில் அது உறைவது அரிது. ஆதலால் பேரப்பிள்ளைகள் வடக்கில் காணும் இக்காட்சி பாட்டிக்கு வியப்பாக இருக்கலாம்.

நுண்ணுறைக்குள் இருக்கும் கரைப்பானும் இத்தகையதே. குளிர்ந்திருக்கும்போது அது திண்மமாக உறைந்திருக்கும். அந்நிலையில் அமிலமும் சாயமும் ஒன்றையொன்று பற்றியபடி இருக்கும். குவளை கருமையாகத் தெரியும். சூடேறிக் கரைப்பான் உருகியதும் அது அமிலத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. பற்று விடுபட்ட சாயத்தின் வளையம் மூடிக்கொள்கிறது. கருமை நீங்குகிறது. ஆறியதும் கரைப்பான் மீண்டும் உறைய, அமிலம் சாயத்திடம் திரும்புகிறது. ஒவ்வொரு முறை பால் ஊற்றும்போதும் இலட்சக்கணக்கான உறைகளுக்குள் இப்பிரிவும் கூடலும் நிகழ்கின்றன.

எந்தச் சூட்டில் திரை விலகவேண்டும் என்பதைத் தொழிற்சாலையார் கரைப்பானைக் கொண்டே முடிவு செய்கின்றனர். 12 கார்பன் அணுக்கள் கொண்ட டோடெக்கனால் 24 டிகிரி அளவில் உருகும். இதனைத் தேங்காயெண்ணெயிலிருந்தே பெறலாம். 14 கார்பன் அணுக்கள் கொண்ட டெட்ராடெக்கனால் 38 டிகிரி அளவிலும், 16 கார்பன் அணுக்கள் கொண்ட ஹெக்சாடெக்கனால் 49 டிகிரி அளவிலும் உருகும். சங்கிலி நீள நீள உருகுநிலை உயர்கிறது. சூடான பானத்துக்குரிய குவளை என்றால் அறையின் வெப்பத்தைவிடச் சற்று உயர்ந்த உருகுநிலை உடைய கரைப்பான் வேண்டும். ஆனால் எந்த ஊர் அறை என்பது கேள்வி. இராசத்தானின் பலோடி என்னும் ஊரில் 2016 மே 19 அன்று வெப்பநிலை 51 டிகிரியைத் தொட்டது. அத்தகைய நாளில் சன்னலோரம் வைக்கப்பட்ட குவளையில் ஒரு துளி பால் ஊற்றாமலே மலர் பூத்துவிடும். சிம்லாவின் சனவரியிலோ, ஊற்றிய பால் சுவரைச் சூடாக்கும்வரை சற்றுப் பொறுத்திருக்கவேண்டும்.

கூர்ந்து நோக்குவோர்க்குக் குவளை மேலும் சில செய்திகளைக் காட்டும். பாதி அளவே பால் ஊற்றினால் படமும் ஏறத்தாழப் பாதியே தெரியும். பாலின் மட்டத்துக்கு மேல் கருமை நிற்கும். பீங்கான் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள் என்பதே இதற்குக் காரணம். அது விரைந்து கடத்துவதாக இருந்தால் விளிம்புவரை சூடு பரவியிருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. படம் தெரிகிறது என்பதால் பானம் குடிக்கத்தக்க பதத்தில் உள்ளது எனக் கொள்ளலாகாது. குவளையின் மை வெளிச்சுவரின் சூட்டை மட்டுமே அறியும். அதுவும் ஓர் எல்லையைக் கடந்ததா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே பால் 50 டிகிரியில் இருந்தாலும் 90 டிகிரியில் இருந்தாலும் வெளியே அதே மலர்தான். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளுக்கு ஊட்டும் சில கரண்டிகளில், உணவு அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் நிறம் மாறும்படி செய்திருப்பர். ஒரே வேதியியலை விளையாட்டுக்கும் பயன்படுத்தலாம், காப்புக்கும் பயன்படுத்தலாம். இரண்டில் எது கையில் உள்ளது என்பதை அறிந்திருத்தல் நலம்.

இம்மையின் ஆயுள் குறுகியது. வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர்கள் சாயத்தைச் சிதைக்கும். கம்பிச் சுருளால் தேய்த்தால் பூச்சு உரியும். நுண்ணலை அடுப்பும் பாத்திரம் கழுவும் பொறியும் இதற்கு ஆகா. அமெரிக்காவில் 1991இல் ‘ஹைப்பர்கலர்’ என்னும் பெயரில் நிறம் மாறும் சட்டைகள் பரபரப்பாக விற்பனையாயின. கை பட்ட இடத்தில் கைத்தடம் தெரியும் என்று இளைஞர் விரும்பி வாங்கினர். வியர்வைச் சூட்டில் அக்குள் தனி நிறம் காட்டியபோது விருப்பம் குறைந்தது. வெந்நீரில் துவைத்தபோது நிறமாற்றமே கெட்டது. சட்டைகளின் புகழும் விரைவில் வெளுத்தது.

குவளையில் வரைந்துள்ள காட்சி இயற்கை சார்ந்தது. ஆனால் அது பூக்கும் முறை இயற்கையின் முறையா? மலரைப் பொறுத்தவரை அன்று. ஓர் அரும்பு மலர்வதற்குள் புதிய நிறமிகள் உருவாகவேண்டும், இதழ்கள் வளரவேண்டும், அதற்கு நாள்கள் ஆகும். ஆயினும் இலையைப் பொறுத்தவரை ஒற்றுமை உண்டு. பச்சை இலைக்குள் கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் தொடக்கம் முதலே இருக்கின்றன. பச்சையம் மிகுந்திருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. இலை முதிர்ந்து பச்சையம் சிதைந்ததும், மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. காசுமீரத்தில் இலையுதிர் காலத்தில் சினார் மரங்கள் மஞ்சளாவது இவ்வாறே. அவை பின்னர்ச் செந்நிறம் பெறுவதோ வேறு கதை. அந்தச் சிவப்புக்குக் காரணமாகிய ஆந்தோசயனின் முன்பே மறைந்திருந்ததன்று, அக்காலத்தில் புதிதாக உருவாவது. மாந்தளிரின் செம்மைக்கும் ஆந்தோசயனினே காரணம். புடைவைக் கடையில் ‘மாந்தளிர் நிறம்’ என்று கேட்போர் அந்நிறத்தையே குறிப்பிடுகின்றனர். மஞ்சள் இலை குவளையின் உறவு. சிவந்த இலை அவ்வாறன்று. ஆனால் மஞ்சளான இலை மீண்டும் கருமை பூசிக்கொள்ளும் குவளையைப்போல் பச்சைக்குத் திரும்புவதில்லை, உதிர்ந்துவிடுகிறது.

திரும்புவதும் திரும்பாததும் என்னும் இவ்வேறுபாடு மனிதர் செய்யும் பொருள்களில் மிகவும் முதன்மையானது.

கடையில் தரும் விற்பனைச் சீட்டையும் வங்கிப் பொறி தரும் பணச்சீட்டையும் பாருங்கள். அவற்றை அச்சிடும் கருவியில் மை இல்லை. சூடு மட்டுமே உண்டு. தாளின் பூச்சில் லூக்கோ சாயமும் அமிலத்தன்மை உடைய பொருளும் தனித்தனித் துகள்களாக உறைந்திருக்கும். சூடுபட்ட இடத்தில் அவை உருகி ஒன்றுசேர, எழுத்து கருமையாகத் தோன்றும். குவளையில் சூடு பிரிக்கிறது. சீட்டில் அதே சூடு சேர்க்கிறது. குவளையில் நடப்பது ஆறியதும் மாறிவிடும். சீட்டில் எழுத்து நிலைக்கும். நெடுங்காலம் நிலைக்கும் என்று நம்புவதற்கில்லை. வெயிலிலும் நெகிழி உறையிலும் வைத்த சீட்டு சில மாதங்களில் வெளுத்துவிடும். உத்தரவாதத்துக்காகப் பாதுகாக்கவேண்டிய சீட்டை அன்றே படியெடுத்து வைப்பது அறிவுடைமை.

மாணவர்கள் விரும்பும் அழிபேனாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சப்பானின் பைலட் நிறுவனம் 1970களிலிருந்து வெப்பத்தால் நிறம் மாறும் மைகளை உருவாக்கி, 2006இல் இப்பேனாவை ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேனாவின் முனையிலுள்ள இரப்பர் எழுத்தைச் சுரண்டுவதில்லை; உராய்வினால் சூடாக்குகிறது. 60 டிகிரியைக் கடந்தால் எழுத்து மறையும். அறையின் வெப்பத்துக்கு ஆறினாலும் அது திரும்பாது. உறைபனிக்கும் கீழே ஏறத்தாழ 10 டிகிரிவரை குளிர்ந்தால்தான் திரும்பத் தொடங்கும். மறையும் வெப்பநிலைக்கும் திரும்பும் வெப்பநிலைக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளியை ஏற்படுத்தியதே அவ்வறிஞர்களின் திறமை. குவளையின் மையில் இந்த இடைவெளி மிகச் சிறிது. வெயிலில் நிறுத்திய மகிழுந்துக்குள் விடப்பட்ட குறிப்பேடு வெற்றேடாகிவிடக்கூடும் என்பதால், இப்பேனாவைத் தேர்வுக்கும் கையொப்பத்துக்கும் பயன்படுத்தலாகாது.

நிறம் எந்நிலையிலும் திரும்பவே கூடாத இடமும் ஒன்று உண்டு. போலியோ சொட்டுமருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளில் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சிறு சதுரமும் காணப்படும். நலப்பணியாளர் இதனை ‘வி.வி.எம்.’ என்பர். வாய்வழிச் சொட்டுமருந்து வெப்பத்தால் எளிதில் கெடுவது. கெட்டதா இல்லையா என்பதை மருந்தின் நிறமோ மணமோ காட்டாது. தொழிற்சாலையிலிருந்து வானூர்தி, குளிர்பதனக் கிடங்கு, பனிக்கட்டிப் பெட்டி எனப் பல கைமாறி ஒரு குழந்தையின் வாயை அடையும்வரை, இடையில் ஓரிடத்தில் மின்சாரம் நின்றிருக்கலாம். ஒரு பெட்டி வெயிலில் கிடந்திருக்கலாம். பயனற்றுப்போன மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, அது பாதுகாக்கப்பட்டதாகத் தாய் நம்பியிருப்பது எவ்வளவு கொடுமை!

இங்கே குவளையின் மையைப் பூசினால் என்ன ஆகும்? நண்பகலில் 45 டிகிரி வெயிலில் அது நிறம் மாறும். இரவில் மீண்டும் குளிர்பெட்டிக்குள் வைத்தால் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். மறுநாள் காலை அதைப் பார்ப்பவர் மருந்து நன்றாக உள்ளது என்றே எண்ணுவார். ஆகவே குப்பியின் சதுரத்தில் வேறொரு வேதிப்பொருளைப் பயன்படுத்துகின்றனர். அதன் சிறு மூலக்கூறுகள் வெப்பத்தால் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. இணைய இணைய நிறம் அடர்கிறது. சூடு மிகுந்தால் இணைப்பு விரைவாகும், குளிர்ந்தால் மெதுவாகும், பின்னோக்கி மட்டும் செல்லாது. குப்பி பட்ட சூடு அனைத்தும் சிறிது சிறிதாக அச்சதுரத்தில் சேர்ந்துகொண்டே வரும்.

இம்முத்திரை 1996இல் வாய்வழிப் போலியோ மருந்துக் குப்பிகளில் முதன்முதலாக இடம்பெற்றது. இந்தியாவில் துடிப்புப் போலியோ இயக்கம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களின் குழந்தைகள் விடுபட்டுவிடாதவாறு, தொடர்வண்டி நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் ஓடும் வண்டிகளிலும்கூடப் பணியாளர்கள் சொட்டுமருந்து கொடுத்தனர். தோளில் தொங்கிய நீலப் பெட்டியும் அதனுள் பனிக்கட்டியும் குப்பியின் ஒட்டுத்தாளிலிருந்த சிறு சதுரமும் அவர்களுடன் பயணம் செய்தன. இந்தியாவில் இயற்கைப் போலியோ நச்சுயிரி கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 சனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

முத்திரையைப் படிக்கும் முறை எளிது. உள்ளே உள்ள சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறியிருந்தால், காலாவதி நாளும் கடக்காதிருந்தால், மருந்தைக் கொடுக்கலாம். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ அதனினும் கருத்துவிட்டாலோ அக்குப்பியை ஒதுக்கிவிடுவர். வீட்டுக்கு வரும் பணியாளரிடம் தம்பிக்கோ தங்கைக்கோ மருந்து பெறும்போது, குப்பியைக் காட்டுமாறு பணிவுடன் கேட்டுப் பார்க்கலாம்.

செய்து பார்க்க

நிறம் மாறும் குவளையும் ஆய்வக வெப்பமானியும் கிடைத்தால், பெரியவர் ஒருவர் உடனிருக்க இதனைச் செய்யலாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு ஆகாது. வெந்நீரில் அது பழுதாகிவிடும். முதலில் குளிர்ந்த நீரைக் குவளையில் பாதியளவு எடுத்துக்கொண்டு, வெந்நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கி, மலர் முதலில் தெரியும்போது நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்க. பிறகு குவளையில் வெந்நீர் நிரப்பி ஆறவிட்டு, மலர் மறையத் தொடங்கும்போதும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்க. இரண்டு எண்களுக்கும் இடையே எத்தனை டிகிரி உள்ளது என்று கணக்கிட்டு, அழிபேனாவின் இடைவெளியோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் ஐந்து தொடர்களில் எழுதுக.